மூடியிருக்க வேண்டிய கதவும் பூட்டியிருக்கக் கூடாத கதவும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி விற்பனை சூடுபிடிப்பதற்கு முன்பே தங்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன். வணிகக் கட்டடங்களின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். பலமாடித் துணிக்கடைகள், நகைக்கடைகள், பல்பொருள் அங்காடிகள், அலுவலக வளாகங்கள் ஆகியவற்றில் இருக்கும் கதவுகளைப் பற்றி மட்டுமே இங்கே பேச விரும்புகிறேன். நீர்த்தொட்டி, பம்பு, தெளிப்பான், எச்சரிக்கை மணி ஆகியவற்றுக்கு அளவும் சோதனையும் பதிவேடும் உண்டு. பம்பை ஓட்டினால் அழுத்தமானியின் முள் நகர்கிறது, அதைக் குறித்துக்கொள்ளலாம். கதவு அப்படியன்று. வரைபடத்தில் காட்டிய இடத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது அரிது.

வணிகக் கட்டடத்தில் உயிர் காக்கும் கதவுகள் இரு வகைப்படும். விற்பனைத் தளத்தையும் மாடிப்படியையும் பிரிக்கும் தீத்தடுப்புக் கதவு, ஆள் கடந்துபோகும் நொடிகள் தவிர எந்நேரமும் மூடியிருக்க வேண்டும். கட்டடத்தை விட்டு வெளியேற்றும் அவசர வழிக் கதவோ, உள்ளே ஒருவர் இருக்கும் வரையிலும் பூட்டப்படவே கூடாது. சென்னை தியாகராய நகரானாலும் புரசைவாக்கமானாலும், கோவை ஒப்பணக்கார வீதியானாலும் மதுரை மாசி வீதிகளானாலும், பண்டிகைக் காலத்தில் பலமாடிக் கடைகளுக்குள் சென்று பார்ப்பவர் இவ்விரண்டின் நிலையும் தலைகீழாகக் கிடப்பதைப் பல இடங்களில் காணலாம். மூடியிருக்க வேண்டிய கதவு, கட்டையை முட்டுக்கொடுத்ததால் திறந்து நிற்கிறது. பூட்டக் கூடாத கதவில் பூட்டுத் தொங்குகிறது. கதவுகள் இரண்டும் இருப்பதால் சான்றிதழில் குறை ஏதும் இராது.

மாடிப்படிக் கதவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தீப்பிடித்த தளத்தில் சூடான புகை கூரையை ஒட்டிப் பரவி, மேலே போக வழி எங்கே கிடைக்கிறதோ அங்கே ஏறும். கதவு திறந்திருந்தால் மாடிப்படி முழுவதும் ஒரு புகைபோக்கியாகிவிடுகிறது. இரண்டாம் தளத்தில் எரியும் துணியின் புகை ஆறாம் தளத்தில் நிற்பவரின் மூச்சை அடைக்கிறது. கட்டடத் தீ விபத்துகளில் பெரும்பாலோர் இறப்பது புகையால்தான் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மாடிப்படி அறைக்குள்ளும் மின்தூக்கி முன்கூடத்துக்குள்ளும் நுழையும் இடங்களில் 120 நிமிடம் தீயைத் தாங்கும் கதவுகளைக் கேட்பதும் இதனால்தான்.

அந்த 120 நிமிடம் என்பது கதவுப் பலகைக்கு மட்டும் உரிய தகுதி அன்று. நிலைச்சட்டம், கீல்கள், பூட்டு, கதவைத் தானாக மூடவைக்கும் டோர் குளோசர், பார்வைக் கண்ணாடி, விளிம்பில் ஓடும் பட்டை ஆகிய எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியையே உலையில் வைத்துச் சோதிக்கிறார்கள். விளிம்புப் பட்டை சூடேறியதும் பலமடங்கு பொங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இது தெரியாமல் வண்ணம் அடிப்பவர் பட்டையின் மேலும் ஒரு கை பூசிவிடுகிறார். கீல் தேய்ந்து கதவு தரையில் உரசினால் அடிப்பக்கத்தை அறுத்துவிடுகிறார்கள். பூட்டு பழுதானால் ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை வாங்கி, பழைய துளையைப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். பார்வைக் கண்ணாடி உடைந்தால் சன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்துகிறார்கள். இவற்றில் எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை; ஒவ்வொன்றும் அன்றைய வேலையை அன்றே முடிக்க நினைக்கும் பராமரிப்பு ஊழியரின் இயல்பான செயல்தான். ஆனால் உலையில் தேறிய கதவு வேறு, இப்போது அந்த இடத்தில் தொங்கும் கதவு வேறு என்றாகிவிடுகிறது. சில இடங்களில் கதவு தொடக்கத்திலேயே சோதிக்கப்பட்டதாக இருப்பதில்லை. ஒட்டுப்பலகையில் செய்த சாதாரணக் கதவுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, மேலே ஒரு பச்சைப் பலகையை மாட்டிவிடுவதோடு வேலை முடிகிறது. முறைப்படி செய்த கதவில் தயாரிப்பாளர் பெயரையும் தாங்கும் நேரத்தையும் குறிக்கும் தகடு இருக்கும். ஆய்வுக்கு வருபவர் அந்தத் தகட்டைத் தேடிப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

இவ்வளவு நுட்பமும் ஒரு மரத்துண்டின் முன்னால் பயனற்றுப் போகிறது என்பதுதான் வேதனை. தீத்தடுப்புக் கதவை அகலத் திறந்து நிறுத்தத் தீயணைப்பு உருளையையே முட்டுக்கொடுத்திருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட கட்டடங்களில் கண்டிருக்கிறேன். ஊழியர்களைக் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் மின்தூக்கிகள் நிரம்பி வழியும்போது வாடிக்கையாளர்கள் படியேறித்தான் தளம் மாறுகிறார்கள். கிடங்கிலிருந்து துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து வருபவர் ஒவ்வொரு முறையும் கனமான கதவை இழுத்துத் திறந்துகொண்டிருக்க முடியாது. கதவு திறந்தே இருக்க வேண்டிய தேவை உண்மையானது. அதற்குத் தொழில்நுட்பத்தில் தீர்வும் எளிது. கதவைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் மின்காந்தத்தை எச்சரிக்கை அமைப்போடு இணைத்துவிட்டால், மணி ஒலித்ததும் பிடி விட்டுப்போகும், டோர் குளோசர் கதவை மூடிவிடும். மின்சாரம் நின்றாலும் இதுவே நடக்கும். மரத்துண்டை எடுக்கச் சொல்லி எச்சரிப்பதோடு நில்லாமல், போக்குவரத்து மிகுந்த படிக்கதவுகளில் இந்த அமைப்பு இருந்தே தீர வேண்டும் என்று உரிமம் வழங்கும்போதே தங்கள் துறை நிபந்தனை விதிக்கலாம். விதித்தால் கடைக்காரர்கள் செய்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

மின்கம்பிகளும் குழாய்களும் தளம் விட்டுத் தளம் செல்லும் செங்குத்துக் குழிகளின் கதவுகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். துடைப்பம், அட்டைப்பெட்டி, பழைய பெயர்ப்பலகை ஆகியவற்றை வைக்கும் அலமாரியாகவே அவை பல கட்டடங்களில் பயன்படுகின்றன. புதிய கேபிள் இழுப்பவர் தளத்தில் போட்ட துளையை அடைக்காமலே போய்விடுகிறார். பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று 9 பேர் உயிரிழந்தனர். மின்கம்பிக் குழி வழியே ஏறிய புகையிலிருந்து தப்ப முடியாமல் சன்னலிலிருந்து குதித்தவர்களும் அவர்களில் உண்டு. அது பழைய மில் கட்டடம் அன்று. நவீன அலுவலகங்கள் நிறைந்த வளாகம்.

இனிப் பூட்டு. சரியாக ஒரு மாதம் கழித்து, 2010 மார்ச் 23 அன்று, கொல்கத்தா பார்க் தெருவில் ஸ்டீபன் கோர்ட் கட்டடம் எரிந்தபோது 43 பேர் இறந்தனர். மொட்டை மாடிக்குப் போகும் வழி பூட்டியிருந்ததால், மேலே ஏறித் தப்ப முயன்றவர்கள் அந்தப் படிகளிலேயே மடிந்தனர். டெல்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்த வழக்கில், தாழிட்டிருந்த பால்கனிக் கதவும், கூடுதல் இருக்கைகளுக்காக அடைக்கப்பட்ட வெளியேறும் வழியும் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டன. தீ கீழே மின்மாற்றியில் தொடங்கியது. பால்கனியில் இருந்தவர்களை அது தொடவேயில்லை, புகைதான் தொட்டது.

வணிகர்கள் கதவைப் பூட்டுவதற்குச் சொல்லும் காரணம் திருட்டு. அது பொய்யான அச்சம் அன்று. பின்வாசல் வழியே பட்டுப்புடவை போவதும், வெளியாள் உள்ளே நுழைவதும் நடக்கக்கூடியவை. கூட்ட நாளில் ஒரு காவலாளியால் எல்லா வாசலையும் பார்க்க முடியாது. இந்த அச்சத்தை மதிக்காமல் "பூட்டாதே" என்று மட்டும் சொன்னால், ஆய்வு நாளில் பூட்டு கழலும், மறுநாள் மீண்டும் ஏறும். ஆகவே பூட்டுக்கு மாற்று எது என்று நாம் சொல்லித்தர வேண்டும். பேனிக் பார் என்று தொழிலில் சொல்லப்படும் தள்ளுகம்பி அந்த மாற்று. சிகாகோ இரோக்குவா திரையரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று 600க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு பரவிய ஏற்பாடு அது. உள்ளேயிருந்து இடுப்பால் முட்டினாலும் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். வெளியே கைப்பிடியே இராது என்பதால் அந்நியர் நுழைய முடியாது. அதோடு ஒரு மணியையும் கேமராவையும் இணைத்தால், காரணமின்றித் திறப்பவர் அந்த நொடியே அகப்படுவார். ஒரு துணிக்கடை தன் தளங்களில் மாட்டியிருக்கும் கேமராக்களுக்கும் கூரை விளக்கு அலங்காரத்துக்கும் செலவிடுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையும் அன்று. கதவருகே கண்ணாடிப் பெட்டியில் சாவி வைத்திருக்கிறோம் என்ற பதிலை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். வெளியேறும் கதவை, வெளியேறுபவர் பக்கத்திலிருந்து சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பதே விதித்தொகுப்பின் சொல். புகையில் கண் எரியும் ஒருவர் பெட்டியை உடைத்து, சாவியை எடுத்து, துளையைத் தடவிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அட்டை தேய்த்தால் திறக்கும் அலுவலகக் கதவுகளுக்கும் இதே அளவுகோல்தான்: எச்சரிக்கை ஒலித்தாலோ மின்சாரம் போனாலோ அவை தாமே விடுபட வேண்டும்.

திருட்டு அச்சத்தில் ஒரு பகுதி வெளியாட்களைப் பற்றியது அன்று, ஊழியர்களைப் பற்றியது என்பதையும் மறைக்க வேண்டாம். வேலை முடிந்து போகும் ஊழியர் எல்லோரும் ஒரே வாசலில் சோதனைக்குப் பின் போக வேண்டும் என்பதற்காகவே மற்ற வாசல்கள் அடைக்கப்படுகின்றன. நியூயார்க் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 1911 மார்ச் 25 அன்று 146 தொழிலாளர்கள் மாண்டபோது பூட்டியிருந்த கதவும் இதே காரணத்துக்காகப் பூட்டப்பட்டதுதான். கதவு அப்போது பூட்டியிருந்தது உரிமையாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பது ஐயமற நிறுவப்படவில்லை என்று கருதி, நடுவர் குழு அவர்களை விடுவித்தது. நூறாண்டுக்கு மேலான அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் நமக்கு வேலை வைக்கிறது; அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் நம்முடையது. நாள் முழுக்க நின்ற அந்த ஊழியருக்கு, ஆபத்தில் பக்கத்திலுள்ள கதவைத் தள்ளித் திறக்கும் உரிமையும் இருக்கத்தான் வேண்டும்.

சென்னை உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் 2017 மே 31 அன்று தீப்பிடித்து, ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, பகுதி இடிந்து, பின்னர் முழுவதும் தகர்க்கப்பட்டதைத் தங்கள் துறை நன்கு அறியும். தீ தெரியவந்தது விடியற்காலையில். உள்ளே இருந்த ஊழியர் சிலரைத் தங்கள் வீரர்கள் மீட்டனர். அதே தீ மாலை 7 மணிக்குத் தொடங்கியிருந்தால் என்ற கேள்வியை அன்று தியாகராய நகரில் கேட்காதவர் இல்லை. எட்டு ஆண்டுகள் ஆவதற்குள் அந்தக் கேள்வி மங்கிவிட்டது. 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை எரிந்து 6 பேர் இறந்தபோது, அவர்களில் சிலர் மின்தூக்கிக்குள் மயங்கிக் கிடந்தார்கள் என்ற செய்தி வந்தது. அங்கே கதவுகள் எப்படி இருந்தன என்பது விசாரணைக்குரியது. பொதுவாகச் சொல்வதானால், படிவழி இது என்று தெரியாதவரும், அதில் புகை வராது என்ற நம்பிக்கை இல்லாதவரும்தான் மின்தூக்கியை நாடுகிறார்கள்.

உயரம் குறைந்த கட்டடங்களையும் விட்டுவிட வேண்டாம். 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம் என்பது நம் விதி. 2022 மே 13 அன்று டெல்லி முண்ட்காவில் 27 பேரைப் பலிகொண்ட வணிகக் கட்டடத்துக்கு நான்கு தளங்கள்தான். வெளியேற ஒரே வழி.

இனிச் சான்றிதழுக்கு வருகிறேன். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கம்பியிட்ட சன்னல்களும் பூட்டிய வாசல்களுமாக இருந்த அந்த ஆலைக்கு, பணியிடத் தரத்துக்கான பன்னாட்டுச் சான்று கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. தீயை வைத்தவர்கள் யார் என்பது வேறு வழக்கு. வைத்தது யாராக இருந்தாலும் கதவு திறந்திருந்தால் இத்தனை பேர் இறந்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைக் கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். வரும் நாள் முன்கூட்டியே தெரியும். முதல் நாள் இரவு படிகளில் இருந்த பெட்டிகள் லாரியில் ஏறும், பூட்டுகள் மேலாளரின் மேசை இழுப்பறைக்குள் போகும், கட்டைகள் மறையும். ஆய்வும் காலையில், கூட்டம் இல்லாத வேளையில் நடக்கும். வந்த அலுவலர் நேர்மையாகவே எழுதுகிறார். அவர் கண்டது அந்த ஒரு காலைப் பொழுதின் உண்மை.

ஆகவே தங்களிடம் என் முதல் வேண்டுகோள், பண்டிகைக்கு முந்தைய வாரங்களில், மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையே, முன்னறிவிப்பில்லாமல் கதவுகளை மட்டும் பார்க்கும் ஆய்வை நடத்த வேண்டும் என்பதே. எல்லாக் கட்டடத்துக்கும் போக ஆள் போதாது என்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். யாருடைய முறை வரும் என்று தெரியாதபோது எல்லோரும் ஆயத்தமாக இருப்பார்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். படிக்கதவை முழுதாகத் திறந்து கையை எடுத்துவிட்டால் அது தானாக வந்து, பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்தில் விழும் வரை மூட வேண்டும். குளிர்சாதனக் காற்றின் அழுத்தத்தில் கதவு கடைசி இரண்டு விரற்கடையில் நின்றுபோவது மிகச் சாதாரணமாகக் காணும் குறை. தூரத்திலிருந்து பார்த்தால் மூடியதாகவே தெரியும். வெளியேறும் கதவை உள்ளிருந்து தள்ளிப் பார்க்க வேண்டும். அப்படியே அதன் வழியாகத் தெரு வரை நடந்தும் பார்க்க வேண்டும். கதவுக்கு அப்பால் ஜெனரேட்டரும் இருசக்கர வாகனங்களும் வழியை அடைத்து நிற்பதை நடந்துபோனால்தான் அறியலாம்.

இரண்டாவது, டிரையாங்கிள் வழக்கு விட்டுச்சென்ற ஓட்டையை அடைப்பது. ஒவ்வொரு வணிகக் கட்டடத்திலும், கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் கதவுகளுக்குப் பொறுப்பானவர் யார் என்று உரிமையாளரே கையொப்பமிட்டு அறிவிக்க வேண்டும். காலையில் கடை திறக்கும் முன் எல்லாக் கதவும் தள்ளிப் பார்க்கப்பட்டதாக நாள்தோறும் பதிவு இருக்க வேண்டும். பூட்டு கண்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் வாசற்காவலரோ தளக் கண்காணிப்பாளரோ அல்லர், அறிவித்துக் கையொப்பமிட்ட உரிமையாளர். "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வழி அப்போது இல்லாமல் போகும். 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தின்கீழ் இருக்கும் உரிம நிபந்தனைகளிலேயே இதைச் சேர்க்க முடியுமா, விதிகளைத் திருத்த வேண்டுமா என்பதைத் தங்கள் சட்டப் பிரிவு சொல்லட்டும்.

மூன்றாவது, ஆய்வின் முடிவை மக்கள் படிக்கும்படி வைப்பது. உணவகத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தை மாட்டி வைப்பதுபோல், கடைசியாக எந்த நாளில், எந்த நேரத்தில் கதவுகள் பார்க்கப்பட்டன, என்ன குறை இருந்தது என்பது கடையின் நுழைவாயிலில் தமிழில் இருக்க வேண்டும். பூட்டிய அவசர வழியைக் காணும் வாடிக்கையாளரோ ஊழியரோ படத்துடன் புகார் அனுப்ப ஒரு எண்ணும் அதே பலகையில் வேண்டும். ஊழியரின் பெயர் வெளியே வராது என்ற உறுதி இல்லாமல் அந்த எண்ணால் பயன் இராது.

இந்த ஆய்வைத் தனியார் கடைகளோடு நிறுத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அரசு நடத்தும் விற்பனை நிலையங்களும் மாநகராட்சி வணிக வளாகங்களும் அதே பட்டியலில் வர வேண்டும். சென்னை எழிலகம் வளாகத்தின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தபோது தங்கள் துறை அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். தீ ஒரே தளத்தில் அடைபட்டிருக்கும் கட்டடத்துக்குள் நுழைவதற்கும், படிவழி முழுதும் புகையால் நிரம்பிய கட்டடத்துக்குள் நுழைவதற்கும் உள்ள வேறுபாட்டை என்னைவிடத் தங்கள் வீரர்களே நன்றாகச் சொல்வார்கள்.

இவற்றுள் எவை ஏற்கத்தக்கவை, எவை இயலாதவை என்ற தங்கள் பதிலை, வணிகர் சங்கங்களும் படிக்கும்படி வெளிப்படையாகவே தெரிவிக்க வேண்டுகிறேன். மாலை நேர ஆய்வை மட்டுமாவது வரும் தீபாவளிக்கு முன்பே தொடங்கிவிட்டால், மற்றவற்றைப் பொங்கலுக்குள் பேசி முடிக்கலாம்.

இப்படிக்கு,
வணிகக் கட்டடப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர்,
சென்னை.